இலங்கையில் அமானுஷ்ய நிகழ்வுகள் பற்றிய ஆய்வுகள்: எவற்றை நம்பத்தகுந்த பதிவுகளாகக் கொள்ளலாம்?

வெள்ளவத்தை வாசகர் – கேள்வி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வாசகர் வட்டத்தின் அடுத்த கூட்டத்தில் அமானுஷ்யம் எனப்படும் நிகழ்வுகளை விஞ்ஞானம் எப்படி ஆராய்ந்திருக்கிறது என்பது பற்றிப் பேச ஒப்புக்கொண்டிருக்கிறேன். உலகம் முழுவதையும் அளக்க எனக்கு விருப்பமில்லை. நம் நாட்டில், நம் மக்களிடையே, யார் எதை எப்படி ஆராய்ந்தார்கள் என்பதை மட்டும் சொல்ல விரும்புகிறேன்.

தமிழில் தேடினால் இரண்டு வகையான எழுத்துகளே அகப்படுகின்றன. ஒன்று, பாழடைந்த பங்களாவையும் சுடுகாட்டையும் காட்டிப் பயமுறுத்துவது. மற்றது, எல்லாமே மூடநம்பிக்கை என்று ஒரே வரியில் தள்ளிவிட்டு, அந்த முடிவுக்கு எப்படி வந்தார்கள் என்பதைச் சொல்லாமல் விடுவது. இரண்டிலும் ஆய்வு என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. முற்பிறவி நினைவு கூறும் பிள்ளைகளைப் பற்றி வெளிநாட்டுப் பேராசிரியர்கள் இங்கு வந்து பல ஆண்டுகள் வேலை செய்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறேன். டாக்டர் கோவூரின் பெயர் எங்கள் வீட்டில் பெரியவர்கள் வாயில் அடிக்கடி வரும். தீமிதிப்பை ஒரு மருத்துவப் பேராசிரியர் பரிசோதித்தார் என்பதும் காதில் விழுந்ததுண்டு. இவற்றில் எவை உறுதியான பதிவுகள், எவை கேட்போரை மகிழ்விக்கும் கதைகள் என்று பிரித்தறிய உதவுவீர்களா?

ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர், பம்பலப்பிட்டி

நல்ல கேள்வி, தம்பி. கோவூரிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் கொழும்பில் இந்த விடயத்தைப் பொதுமக்கள் முன் கொண்டுவந்தவர் அவர்தான்.

ஆபிரகாம் கோவூர் 1898இல் கேரளத்தின் திருவல்லாவில் ஒரு கிறிஸ்தவ மதகுருவின் மகனாகப் பிறந்தார். தாவரவியல் படித்தவர். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் கற்பித்துப் பின்னர் தெற்கே வந்து, கொழும்பு தேர்ஸ்டன் கல்லூரியில் ஆசிரியராக இருந்து 1959இல் ஓய்வு பெற்றார். ஓய்வுக்குப் பிறகுதான் அவருடைய பெரிய வேலை ஆரம்பமாயிற்று. இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்தின் தலைவராக 1978இல் இறக்கும்வரை இருந்தார். கல் விழும் வீடுகள், தானாகத் தீப்பற்றும் துணிகள், பேய் பிடித்த பெண்கள் என்று அழைப்பு வந்த இடங்களுக்கெல்லாம் நேரில் சென்றார். வீட்டிலுள்ள ஒவ்வொருவருடனும் தனித்தனியே பேசினார். பல சந்தர்ப்பங்களில் கல்லை எறிந்தவரும் துணிக்குத் தீ வைத்தவரும் அந்த வீட்டுக்குள்ளேயே இருந்த, வாய்விட்டுச் சொல்ல முடியாத துயரத்தில் இருந்த ஒரு மனிதர் என்று கண்டார். அவரைத் தண்டிக்கச் சொல்லாமல், அந்தத் துயரத்துக்கு வழி தேடினார் என்பதை நான் மிகவும் மதிக்கிறேன். இறந்தபின் தன் கண்களையும் உடலையும் தானமாகக் கொடுக்கும்படி எழுதிவைத்தவரும் அவரே.

1963இல் அவர் ஒரு சவால் விடுத்தார். ஏமாற்று வேலைக்கு இடமில்லாத நிலைமைகளில் அற்புதம் ஒன்றைச் செய்து காட்டுபவருக்கு ஓர் இலட்சம் ரூபா. முத்திரையிட்ட உறைக்குள் இருக்கும் நாணயத்தாளின் தொடர் இலக்கத்தைச் சொல்வது, தண்ணீர்மேல் நடப்பது, நாடித்துடிப்பை நிறுத்துவது என்று அவர் பட்டியல் நீண்டது. அந்தப் பணத்தை ஒருவரும் பெறவில்லை. பட்டியலில் ஓர் அம்சத்தை நீங்கள் கூட்டத்தில் கட்டாயம் சொல்லவேண்டும். தணலில் நடக்கும்படி அவர் கேட்கவில்லை. கொப்புளம் வராமல் அரை நிமிடம் அசையாமல் நிற்கும்படிதான் கேட்டார். நடப்பது சாதாரண மனிதரால் முடியும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அது எப்படி முடிகிறது என்பதை ஆராய்ந்தவர்தான் நீங்கள் கேள்விப்பட்ட மருத்துவப் பேராசிரியர், கொழும்பு மருத்துவ பீடத்தில் உடற்றொழிலியல் கற்பித்த கார்லோ பொன்சேகா. அவருடைய கட்டுரை 1971இல் இலங்கை மருத்துவச் சஞ்சிகையில் வெளியானது. பக்தியையும் விரதத்தையும் கேலி செய்யும் நோக்கம் அதில் இல்லை. பாதம் தணலில் படும் நேரம் எவ்வளவு, வெறுங்காலோடு நடந்து பழகியவரின் பாதத்தோல் எவ்வளவு வெப்பத்தைத் தாங்கும் என்று பார்த்து, காரணத்தை அங்கே காட்டினார். இதற்கு முன்பே, 1935இல், காஷ்மீரைச் சேர்ந்த குடா பக்ஸ் என்பவர் இங்கிலாந்தில் விஞ்ஞானிகள் முன்னிலையில் தீயில் நடந்தபோது தணலின் மேற்பரப்பு சுமார் 430 பாகை செல்சியஸ் என்று அளந்திருந்தார்கள். 1937இல் மீண்டும் நடந்த சோதனையில் எந்த விரதமும் இருக்காத ஓர் ஆங்கிலேயரும் காயமின்றி நடந்து கடந்தார். மரக்கரியின் வெப்பக் கடத்துதிறன் மிகக் குறைவு, பாதம் படும் நேரமும் ஒரு செக்கனுக்குள் அடங்கிவிடுகிறது. பாண் போறணைக்குள் கையை நீட்டினால் சூடான காற்று உடனே சுடுவதில்லை, அதே போறணையின் தகரத்தட்டைத் தொட்டால் தோல் உரிந்துவிடும். இரண்டின் வெப்பநிலையும் ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் வெப்பத்தைக் கொடுக்கும் வேகம் வேறு. ஆகவே தீக்குழியில் உலோகத்துண்டு ஒன்று கிடந்தாலும், பயந்து இடையில் நின்றுவிட்டாலும், பக்தரின் கால் வெந்துதான் போகும். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இறங்குபவர்களுக்கு இதை எடுத்துச் சொல்வது நம் கடமை என்று நினைக்கிறேன்.

மருத்துவ ஆய்வுத் துறையில் இருப்பவர், நாரஹேன்பிட்டி

ஆசிரியர் ஐயா சொன்னவற்றோடு உடன்படுகிறேன். இருந்தாலும் ஒரு விடயத்தைச் சேர்க்கவேண்டும். கோவூரின் சம்பவக் குறிப்புகளையும் நாம் மற்றவர்களை அளக்கும் அதே கோலால் அளக்கவேண்டும். அவர் பெரும்பாலும் தனியாகவே விசாரித்தார், பல இடங்களில் ஹிப்னாட்டிச மயக்கத்தில் கிடைத்த வாக்குமூலத்தை ஆதாரமாகக் கொண்டார். அந்த நிலையில் இருப்பவர், கேட்பவர் எதிர்பார்ப்பதையே சொல்லும் சாத்தியம் அதிகம் என்பது இன்று உளவியலில் நன்கு அறியப்பட்டது. அவருடைய முடிவுகள் சரியாக இருக்கலாம், பெரும்பாலும் சரி என்றே நானும் கருதுகிறேன். ஆனால் மற்றொருவர் திரும்பிச் சென்று சரிபார்க்கத்தக்க பதிவுகளாக அவை இல்லை.

முற்பிறவி நினைவுகள் பற்றிய ஆய்வு இதிலிருந்து வேறுபட்டது. உங்கள் பேச்சில் அதிக நேரத்தை அதற்கே ஒதுக்குங்கள் என்பேன். வேர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் உளநோய் மருத்துவப் பேராசிரியர் இயன் ஸ்டீவன்சன் 1961இல் முதன்முதலாக இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்தார். 1966இல் அவர் வெளியிட்ட 20 சம்பவங்களில் மூன்று இலங்கையைச் சேர்ந்தவை. 1977இல் வந்த ஒரு முழுத் தொகுதியும் இலங்கையின் பத்துச் சம்பவங்களுக்கே ஒதுக்கப்பட்டது. கண்டிப் பகுதியில் தியான ஆசிரியராகப் பலரும் அறிந்த கொட்வின் சமரரத்ன அவரோடு களத்தில் உழைத்தார்.

இந்தச் சம்பவங்களுக்கு ஒரு பொதுவான வடிவம் உண்டு. பிள்ளை இரண்டு முதல் நான்கு வயதுக்குள் "என் மற்ற வீடு", "என் மற்ற அம்மா" என்று பேசத் தொடங்குகிறது, ஐந்து முதல் எட்டு வயதுக்குள் பேச்சை நிறுத்திவிடுகிறது. நினைவுகூரப்படும் மரணம் பெரும்பாலும் விபத்து, கொலை, இளவயது நோய் போன்ற அகால மரணம். பெற்றோர் ஊர் ஊராகத் தேடுகிறார்கள், அல்லது பத்திரிகையில் செய்தி வருகிறது, ஏதோ ஓர் ஊரில் மகனை இழந்த குடும்பம் "இது எங்கள் பிள்ளைதான்" என்று முன்வருகிறது. இரு குடும்பங்களும் சந்தித்து, அழுது, உறவு கொண்டாடியபின், மாதங்களோ ஆண்டுகளோ கழித்து ஆய்வாளர் வந்து சேர்கிறார்.

சிக்கல் முழுவதும் இங்கேதான் இருக்கிறது. சந்திப்புக்குப் பின் பெற்றோர் நினைவிலிருந்து சொல்லும்போது, பிள்ளை முன்பே சொன்னது எது, மற்றக் குடும்பத்திடம் கேட்டறிந்தது எது என்று அவர்களாலேயே பிரிக்க முடியாது. இது பொய் சொல்வதல்ல, மனித நினைவு வேலை செய்யும் விதமே அப்படி. பிள்ளை "என் வீட்டுக்குப் பக்கத்தில் விகாரை இருந்தது, எனக்கு ஓர் அக்கா இருந்தாள், பெரிய வாகனம் மோதியது" என்று சொன்னால், அதற்குப் பொருந்தும் குடும்பங்கள் நம் நாட்டில் எத்தனை இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். தேடலை விரிக்க விரிக்கப் பொருத்தமான ஒருவர் கிடைத்தே தீருவார். பொருந்தாத கூற்றுகள் மெல்ல மறக்கப்படும். ஸ்டீவன்சனிடம் உதவியாளராக இருந்த சாம்ப் ரான்சம் என்ற சட்டத்தரணியே, வழிகாட்டும் கேள்விகள் பற்றியும் நினைவின் பலவீனம் பற்றியும் கடுமையான விமர்சனத்தை எழுதினார். நம்மவர்களில், சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக இருந்த சி. டி. கே. சாரி, தாமே இத்துறையில் ஈடுபாடு கொண்டவராக இருந்தும், மறுபிறப்பை நம்பும் சமூகம் பிள்ளையின் பேச்சுக்கு உருக்கொடுக்கிறது என்று தொடர்ந்து வாதிட்டார். இந்த விமர்சனம் மேற்கிலிருந்து மட்டும் வரவில்லை என்பதை உங்கள் கூட்டத்துக்குச் சொல்லுங்கள்.

ஸ்டீவன்சன் இந்தக் குறையை அறியாதவர் அல்லர். அதனால்தான் 1988இல் அவரும் சமரரத்னவும் சேர்ந்து எழுதிய ஒரு கட்டுரைக்கு நான் பெரும் மதிப்புக் கொடுக்கிறேன். இலங்கையில் மூன்று சம்பவங்களில், இறந்தவரின் குடும்பத்தைத் தேடிச் சரிபார்க்கும் முன்பே பிள்ளையின் கூற்றுகள் எழுத்தில் பதியப்பட்டிருந்தன. உலகம் முழுவதும் சேர்ந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சம்பவங்களில் இப்படிப்பட்டவை மிகச் சில. நாம் வாதிட வேண்டியது இந்தச் சிலவற்றைப் பற்றித்தான். மற்றவை எத்தனை ஆயிரம் சேர்ந்தாலும் ஆதாரத்தின் எடை கூடாது. என் கருத்தில் இந்த மூன்றும்கூட மறுபிறப்பை நிறுவவில்லை, ஏனெனில் பொருந்திய கூற்றுகளில் எத்தனை தற்செயலாகவே பொருந்தக்கூடும் என்பதைக் கணிக்க வழி இருக்கவில்லை. ஆனாலும் அவை நேர்மையாகச் செய்யப்பட்ட வேலை, ஒரு வரியில் தள்ளிவிடத்தக்கவை அல்ல.

இன்னொரு பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். ஐஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தின் உளவியல் பேராசிரியர் எர்லெண்டுர் ஹரால்ட்சன். ஸ்டீவன்சனின் ஆய்வை வேறொருவர் சுதந்திரமாகச் செய்து பார்க்கவேண்டும் என்ற நோக்கில் 1980களின் பிற்பகுதியில் இங்கு வந்தார். அவர் கேட்ட கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. பிள்ளை சொல்வது உண்மையா என்பதை ஒரு பக்கம் வைத்துவிட்டு, இப்படிச் சொல்லும் பிள்ளைகள் எப்படிப்பட்டவர்கள் என்று கேட்டார். 1997இல் வெளியான ஆய்வில், முற்பிறவி பற்றிப் பேசிய 30 இலங்கைப் பிள்ளைகளையும், அப்படிப் பேசாத 30 பிள்ளைகளையும் உளவியல் சோதனைகளால் ஒப்பிட்டார். பேசிய பிள்ளைகளுக்குச் சொல்வளமும் நினைவாற்றலும் கூடுதலாக இருந்தன, பாடசாலையிலும் அவர்கள் முன்னணியில் இருந்தார்கள். மற்றவர் சொல்வதை எளிதில் ஏற்றுக்கொள்ளும் தன்மை அவர்களிடம் அதிகமாக இல்லை. ஆனால் பெற்றோர் கூறியபடி நடத்தைச் சிக்கல்கள் கூடுதலாக இருந்தன. மந்தபுத்தியுள்ள பிள்ளை பெற்றோர் ஊட்டியதை ஒப்பிக்கிறது என்ற எளிய விளக்கம் இதனால் பலமிழக்கிறது. மறுபிறப்புக்கும் இது சான்றாகாது, ஏனெனில் சொல்வளமும் நினைவாற்றலும் மிக்க பிள்ளை கோவையான கதை புனையவும் வல்லது.

உளவளத்துணையாளர், சொந்த இடம் மட்டக்களப்பு, இப்போது கொழும்பில்

மேலே எழுதிய இருவருக்கும் நன்றி. எனக்கு ஒரு குறை தோன்றுகிறது, அதை வெளிப்படையாகச் சொல்கிறேன். இதுவரை பேசிய முற்பிறவிச் சம்பவங்களின் குடும்பங்கள் பெரும்பாலும் சிங்கள பௌத்தக் குடும்பங்கள். மறுபிறப்பை நம்பும் சைவத் தமிழர் இத்தனை இலட்சம் பேர் இருக்கும் நாட்டில் எங்கள் பிள்ளைகள் அந்தத் தொகுப்புகளில் ஏன் இத்தனை அரிதாக வருகிறார்கள்? எங்களிடம் அப்படிப்பட்ட பேச்சுக் குறைவா, அல்லது ஆய்வாளர்களின் மொழிபெயர்ப்பாளர்களும் செய்தி கொண்டுவந்த பத்திரிகைகளும் சிங்களமாக இருந்ததாலா? 1983க்குப் பின் வடக்கிலும் கிழக்கிலும் வீடு வீடாகச் சென்று இப்படிப்பட்ட கேள்விகளைக் கேட்க எவராலும் முடிந்திருக்காது. ஆய்வில் எங்கள் இடம் வெறுமையாக இருப்பதற்குப் போரும் ஒரு காரணம் என்றே எண்ணுகிறேன்.

கிழக்கில் நடந்த வேறு வகையான ஆய்வொன்று உண்டு. 1990களில் மானிடவியலாளர் பட்ரீசியா லோரன்ஸ் மட்டக்களப்பில் தங்கி, அம்மன் கோயில்களில் உருவேறி வாக்குச் சொல்பவர்களைப் பற்றி ஆராய்ந்தார். பிள்ளை காணாமற்போன தாய்மார் அந்த வாக்கைக் கேட்க வந்து நின்றார்கள். முகாமிலும் காவல்நிலையத்திலும் வாய் திறந்து கேட்க முடியாத கேள்வியை, அங்கே மட்டும் உரத்துக் கேட்கவும் கூட்டத்தின் நடுவில் அழவும் முடிந்தது. யாழ்ப்பாணத்தில் உளநோய் மருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரமும், போரால் ஒரு சமுதாயமே காயப்பட்டபோது சடங்குகளும் வழிபாடும் தாங்கிப்பிடித்த விதத்தைக் கவனத்துடன் எழுதியவர். கதிர்காமத்தில் தீமிதிப்பு தமிழ்ப் பக்தர்களிடமிருந்து சிங்கள பௌத்தர்களிடமும் பரவிய விதத்தைக் கணநாத் ஒபேயசேகர 1978இல் எழுதினார். கோவூரும் பொன்சேகாவும் கேட்ட கேள்வியை இவர்கள் கேட்கவில்லை. அம்மன் உண்மையில் இறங்கினாளா என்பது இவர்களுடைய ஆய்வின் பொருள் அல்ல, அந்தச் சொல் கேட்டவளின் வாழ்வில் என்ன செய்தது என்பதே பொருள்.

எங்கள் ஊர்ப் பக்கம், பாண்டிருப்பு திரௌபதை அம்மன் கோயில் தீப்பள்ளயத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே நடப்பது பாதத்தோலின் தடிப்பு மட்டும் அல்ல. பௌதிக விளக்கத்தை நான் முழுமையாக ஏற்கிறேன். கால் ஏன் வேகவில்லை என்பதை அது சொல்கிறது. ஒரு பெண் ஏன் இறங்கினாள் என்பதை அது சொல்ல முற்படவுமில்லை.

அதே வேளை ஆசிரியர் ஐயாவின் பக்கம் நின்றும் ஒன்று சொல்லவேண்டும். "உன் மகன் உயிரோடு இருக்கிறான், தெற்கே ஒரு முகாமில் இருக்கிறான்" என்ற வாக்கை நம்பி, நகையை அடைவு வைத்து, ஆண்டுக்கணக்கில் அலைந்த தாய்மாரையும் என் வேலையில் சந்தித்திருக்கிறேன். ஆறுதல் தரும் வாக்குக்கும் காசு பறிக்கும் வாக்குக்கும் இடையே கோடு இழுப்பது எளிதல்ல. அதை ஒருவர் முறையாக, தமிழில், அந்தத் தாய்மாரோடு உட்கார்ந்து ஆராயவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

தெஹிவளையிலிருந்து ஒரு தாய்

இந்த உரையாடலை ஆர்வத்துடன் வாசித்தேன். என் தங்கையின் மகனுக்கு நான்கு வயது ஆகப்போகிறது. சில காலமாக "எனக்குக் கடலுக்குப் பக்கத்தில் வேறு வீடு இருந்தது, வள்ளம் இருந்தது" என்று சொல்கிறான். வீட்டில் மாமியார் சாத்திரியாரிடம் கொண்டுபோகச் சொல்கிறார், தங்கையின் கணவர் பிள்ளையைப் பேசவே விடுவதில்லை. நாங்கள் என்ன செய்வது நல்லது?

மருத்துவ ஆய்வுத் துறையில் இருப்பவர், நாரஹேன்பிட்டி

அக்கா, முதலில் பயப்படவேண்டாம். நான்கு வயதில் பிள்ளைகள் கேட்டதையும் கண்டதையும் கனவையும் சேர்த்துப் பேசுவது இயல்பு, தெஹிவளையில் வளரும் பிள்ளைக்குக் கடலும் வள்ளமும் தினமும் கண்ணில் படுபவை. அதட்டி நிறுத்தவும் வேண்டாம், தூண்டிவிடவும் வேண்டாம். "உன் பெயர் என்ன? எப்படிச் செத்தாய்? எந்த ஊர்?" என்று யாரும் கேட்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பெரியவர்களின் முகம் மலர்வதைப் பார்த்தே பிள்ளை அடுத்த பதிலைக் கட்டிவிடும்.

தங்கையிடம் ஒரு கொப்பியைக் கொடுத்து, அவன் தானாகச் சொல்வதை அவன் சொன்ன சொற்களிலேயே திகதியிட்டு எழுதச் சொல்லுங்கள். அதற்குமுன் வீட்டில் என்ன பேச்சு நடந்தது, தொலைக்காட்சியில் என்ன ஓடியது என்பதையும் அதே பக்கத்தில் எழுதவேண்டும். முன்னுக்குப்பின் முரணாகச் சொன்னவற்றை விட்டுவிடக்கூடாது. எந்த ஊரிலும் எந்தக் குடும்பத்தையும் தேடிப் போகாதீர்கள், முகநூலில் போடாதீர்கள், பத்திரிகைக்குச் சொல்லாதீர்கள். பிள்ளையை இழந்த ஒரு குடும்பம் உங்கள் வாசலுக்கு வந்து நின்றால், அவர்களுடைய ஏக்கத்தைச் சுமக்க நான்கு வயதுப் பிள்ளையால் முடியாது.

அவன் சாப்பாடும் நித்திரையும் விளையாட்டும் வழமைபோல இருந்தால் வேறு எதுவும் தேவையில்லை. இரவில் அலறி எழுந்தாலோ, தண்ணீரையோ வாகனத்தையோ கண்டு அளவுக்கு மீறிப் பயந்தாலோ, "இது என் வீடு இல்லை" என்று சொல்லித் தாயைத் தள்ளினாலோ, பொரளை சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் பிள்ளைகளின் உளநலம் பார்க்கும் வைத்தியர்களிடம் கொண்டுபோங்கள். கொப்பியையும் எடுத்துச் செல்லுங்கள், அவர்களுக்கு அது உதவும். சில மாதங்களில் அவன் இந்தப் பேச்சை மறந்துவிட்டால், நினைவூட்டாமல் விட்டுவிடுங்கள்.